பிழைத்தவருக்குப் பந்தியில் இடமுண்டோ?

பிக்கு சங்கத்தில் புதிதாகச் சேரும் சிறுவர்களுக்குப் பத்து வினாக்களும் அவற்றின் விடைகளும் கற்பிக்கப்படுவது பண்டை வழக்கம். ஏழு வயதுச் சோபாகனிடம் பகவானே கேட்ட வினாக்கள் அவை என்று உரையாசிரியர் கூறுவர். அவற்றுள் முதலாவது, ஒன்று எனப்படுவது யாது என்பது. இதற்கு விடையாக நிருவாணத்தையோ மெய்ஞ்ஞானத்தையோ நாம் எதிர்பார்ப்போம். சிறுவன் சொல்லத்தக்க விடையோ, உயிர்கள் யாவும் உணவினால் நிலைபெறுகின்றன என்பதே. பேருண்மைகளை நாடிப் புறப்படுகிறவன் முதற்படியிலேயே காணவேண்டுவது ஒரு பிடி சோறு. தம்மம் மனிதனின் வயிற்றை மறந்து பேசுவதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இவ்வுண்மையைக் கையிற்கொண்டு நம் காலத்துக்குரிய ஒரு கேள்வியை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். வாயிலோ, நாவிலோ, தொண்டையிலோ, குரல்வளையிலோ புற்றுநோய் கண்ட ஒருவர் அறுவையாலும் கதிர்வீச்சாலும் மருந்தாலும் பிழைத்து வீடு திரும்புகிறார். நோயின் அடையாளம் இல்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். உற்றாரும் மகிழ்ந்தனர். ஆயினும் ஒரு கவளம் சோறு அவர் தொண்டையில் இறங்கவில்லை. ஒரு வாய் நீர் அருந்தினால் புரையேறுகிறது. ஒருவேளைக் கஞ்சி குடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. அவர் குணமடைந்தவர்தாமா? உயிரைக் காத்ததோடு கடமை தீர்ந்ததா? தீரவில்லை எனில், எஞ்சிய கடன் மருத்துவருடையதா, அவருடையதா, அன்றி நம் அனைவருடையதா?

இது எங்கோ எவருக்கோ உரிய கேள்வி என்று ஒதுக்குவதற்கில்லை. இந்தியாவில் ஆண்களைப் பற்றும் புற்றுநோய்களுள் உதடும் வாயும் சார்ந்த புற்றுநோயே முதலிடம் பெற்றிருப்பதாக 2022-ஆம் ஆண்டின் உலகக் கணக்கு காட்டுகிறது. இவ்விடத்து நோய்க்குப் புகையிலையும், பாக்கும், மதுவும் பெருங்காரணங்கள். புகையிலையும் மதுவும் கூடியவழித் தீங்கு ஒன்றோடொன்று கூடுவதோடு நில்லாமல் பன்மடங்காகப் பெருகுகிறது. 2001-இல் மூடப்பட்ட கோலார் தங்கச் சுரங்கங்களிலும், ஆலைகளிலும், தோல் தொழிற்சாலைகளிலும், கட்டட வேலைகளிலும் உழைத்த நம்மவர் பலர், வேலை நேரத்தில் பசியையும் களைப்பையும் மறக்க ஒரு துண்டுப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டனர். பசியைக் கொல்லப் பிடித்த பொருளே, பின்னர் உண்ணும் வாயைக் கொன்றது.

விழுங்குதல் என்னும் வினை

விழுங்குவது எளிய செயலென்று நாம் கருதுவது, அஃது இடையூறின்றி நடைபெறும் வரையில்தான். உதடு மூடுகிறது, பல் அரைக்கிறது, உமிழ்நீர் குழைக்கிறது, நாக்கு அதனைத் திரட்டிப் பின்னோக்கித் தள்ளுகிறது. இதுகாறும் நம் விருப்பம் செல்லும். தொண்டை வாயிலைக் கடந்த கணத்தில் விருப்பம் ஓய, உடலின் இயல்பு செயலை ஏற்றுக்கொள்கிறது. மெல்லண்ணம் எழுந்து மூக்கின் வழியை அடைக்கிறது. குரல்வளை மேலெழுந்து முன்னே நகர, அதன் மூடி கவிகிறது. குரல்நாண்கள் இறுக, மூச்சு ஒரு கணம் நிற்கிறது. உணவுக்குழலின் வாயில் திறந்து கவளத்தை ஏற்கிறது. தொண்டையில் நிகழும் இத்தனையும் ஏறத்தாழ 1 வினாடிக்குள் முடிகின்றன. 30-க்கு மேற்பட்ட தசைகளும், 5-க்குக் குறையாத மூளை நரம்புகளும் இதற்கு உழைக்கின்றன. இவற்றுள் ஒன்று பிந்தினும் உணவு மூச்சுக்குழலை நோக்கிச் சென்றுவிடும். ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் என்ற சார்பின் தோற்றத்தை நூலில் தேடுவார், ஒரு கவளத்தில் அதனைக் காணலாம்.

நோயும் அதன் சிகிச்சையும் இச்சார்பினைக் குலைக்கின்றன. நாவின் ஒரு பகுதி அறுக்கப்பட்டால் கவளத்தைத் திரட்டுவார் இல்லை. கழுத்தில் கதிர்வீச்சு வழக்கமாக 6 அல்லது 7 வாரங்கள், வாரத்தில் 5 நாட்கள் செலுத்தப்படுகிறது. அது புற்றை அழிக்கும்போதே உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் வறளச் செய்கிறது. வாய் புண்ணாகிறது, சுவை கெடுகிறது, தசைகள் நாளடைவில் இறுகி நார்போலாகின்றன. தாடை இறுகி, மூன்று விரல் நுழையுமளவு திறந்த வாய் ஒரு விரலுக்கே திறக்கிறது. சிலருக்கு இவ்விறுக்கம் சிகிச்சை முடிந்து ஆண்டுகள் பல கழிந்தபின் வெளிப்படுவதும் உண்டு. இன்னுங் கொடியது ஒன்று: மரத்துப்போன தொண்டையில் உணவு தவறிச் செல்லும்போது இருமலே எழுவதில்லை. ஓசையின்றி நுரையீரலுக்குட் சென்ற அவ்வுணவு சளிக்காய்ச்சலாக மூண்டு உயிரையே கவரலாம். ஆகவே இருமல் இல்லை, நன்றாகத்தான் உண்கிறார் என்று வீட்டார் கொள்ளும் நம்பிக்கை போதுவதன்று. பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து கதிர்ப்படமாகக் காணும் சோதனையும், மூக்கின் வழியே மெல்லிய குழல்நோக்கியைச் செலுத்தித் தொண்டையைப் பார்க்கும் சோதனையும் இதற்கென உள்ளன.

மணிமேகலைக் காப்பியத்திற் காயசண்டிகை யானைத்தீ என்னும் நோயால், எவ்வளவு உண்டும் பசி தணியாது வருந்தினாள். அமுதசுரபியின் ஒரு பிடி அவள் பசியைத் தீர்த்தது. நாம் இங்குக் கூறும் நோயாளரின் நிலை வேறு. அமுதசுரபியே அவர் முன் வைக்கப்பட்டாலும் அமுது உள்ளே இறங்கவேண்டுமே! அவருக்கு உணவு அளித்தால் போதாது. உண்ணும் ஆற்றலையும் மீட்டளித்தல் வேண்டும்.

கன்மமோ? காரணமோ?

இந்நிலையில் உள்ளவரை நோக்கி ஊரார் முதலிற் சொல்லும் சொல் ஒன்றுண்டு: எல்லாம் முன்வினை. நம்முள்ளும் இச்சொல்லை இன்னும் விடாதார் இருக்கின்றனர். ஆனால் பகவானிடம் மோலியசீவகர் என்னும் பரிவிராசகர் இதே கருத்தை எடுத்துக் கேட்டபோது, ததாகதர் அதனை ஏற்றாரில்லை. பித்தம், கோழை, வாதம், இவற்றின் கலப்பு, பருவ மாறுதல், ஒழுங்கற்ற நடத்தை, புறத்தாக்குதல் என ஏழு காரணங்களை எடுத்துக் கூறி, வினையை எட்டாவதாகவே வைத்தார். எல்லா நோவும் முன்வினைப் பயன் என்பார், தாமே காண்பதையும் உலகம் அறிந்ததையும் கடந்து பேசுகிறார் என்று தெளிவுறுத்தினார்.

இதன் பொருள் ஆழமானது. காரணத்தை அறிந்தால் தடுக்கலாம். தடுக்கத் தவறினாலும் சீர்செய்யலாம். முன்வினை என்று சொன்னவுடனே தடுப்பதும் இல்லை, சீர்செய்வதும் இல்லை; நோயாளரிடத்து நாணமும், நம்மிடத்துச் சோம்பலும் மட்டுமே மிஞ்சும். பிறப்பினாலேயே ஒருவனுக்கு இழிவு உண்டென்ற பொய்யை உதறித் திரிசரணம் ஏற்ற நாம், நோயினாலே ஒருவனுக்கு இழிவு உண்டென்று சொல்லலாகாது.

புகையிலையை அவரே அன்றோ விரும்பி மென்றார் என்று கேட்பவரும் உளர். ஒழுக்கத்தால் வரும் நோய் உண்டு என்பதைப் பகவானும் கூறினார்; ஐந்தாம் சீலத்தின் நோக்கமும் அதுவே. ஆயினும் சீலம் நோய் வருமுன் காப்பதற்கான வேலி. வந்தபின் அடிப்பதற்கான கோல் அன்று. புகையிலையைத் தொடாதவருக்கும் இந்நோய் வருவதுண்டு என்பதையும் மறத்தலாகாது.

துறவும் இழப்பும்

இனி, நம் நெறியிலிருந்தே எழும் ஒரு தடை. சுவையிற் பற்று வைத்தல் தளை என்று தம்மம் போதிக்கிறதே. பிக்குகள் நண்பகலுக்குப் பின் உண்பதில்லையே. அங்ஙனமிருக்க, உணவின் இன்பத்தை இழந்தார் என்று இரங்குவது வேட்கைக்கு இடங்கொடுப்பதாகாதோ? குழாய் வழியே உடலுக்கு வேண்டியது சென்றால் போதாதோ?

இத்தடை கேட்க உயர்ந்ததாயினும் ஆராய நில்லாது. துறவு என்பது உள்ளதை அறிந்து தானே விடுதல். இழப்பு என்பது விரும்பாமலே பறிபோதல். பறிகொடுத்தவனை நோக்கி நீ துறந்தவன் என்று வாழ்த்துவது, பட்டினி கிடப்பவனை நோக்கி நோன்பிருக்கிறாய் என்று புகழ்வதற்கு ஒப்பாகும். நம் முன்னோருக்கு நல்லுணவும் நல்லாடையும் மறுத்து வைத்துவிட்டு, எளிமையே உங்களுக்கு அழகு என்று உபதேசித்தவர்களை நாம் அறிவோம். அதே உபதேசத்தை நாம் நோயாளருக்குச் செய்தல் தகுமோ?

சாக்கிய முனிவர் உடலை வாட்டும் தவத்தைத் தாமே செய்து பார்த்து, பயனில்லை என்று கைவிட்டு, சுஜாதை அளித்த பாற்சோற்றை உண்டபின்னரே போதியடியில் அமர்ந்தார். ஆளவி நகரில் அறவுரை கேட்க வந்த ஏழை உழவன் ஒருவன், காணாமற்போன எருதைத் தேடியலைந்து பசியோடு வந்து நின்றான். பகவான் முதலில் அவனுக்கு உணவிடச் செய்து, அவன் பசி தணிந்த பின்னரே அறம் உரைத்தார். பசியே பெருநோய் என்று அவ்விடத்துக் கூறினார் என்பது தம்மபத உரைச் செய்தி. பசித்தவனுக்கு முதலில் சோறு. சுவைப்பற்றை ஆராய்வது அவன் உண்டு முடித்த பின்பு. இதுவே பகவான் காட்டிய வரிசை.

குழாய் உடலைக் காக்கும் என்பது மெய். அதனை இகழ்வதும் அறியாமை. ஆற்றைக் கடக்கப் புணை எவ்வாறோ அவ்வாறே நோயின் நடுவில் அக்குழாய். கரை சேர்ந்தவர் புணையைத் தலையிற் சுமந்து திரியவேண்டுவதில்லை. கரை இன்னும் எட்டாதவர் புணையில் இருப்பதற்கு நாணவேண்டுவதும் இல்லை.

பயிற்சியே மருந்து

விழுங்கும் ஆற்றல் தானே திரும்பும் என்று காத்திருப்பது நெடுநாள் வழக்கமாயிருந்தது. இந்நூற்றாண்டின் ஆராய்ச்சி அதனை மாற்றிவிட்டது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரப் புற்றுநோய் நிலையத்தார், தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சுப் பெற்ற 497 பேரின் நிலையை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டனர். சிகிச்சை நடைபெறும் காலத்திலேயே சிறிதளவேனும் வாயால் உண்டுவந்தோரும், விழுங்கும் பயிற்சியை விடாது செய்தோரும் பின்னாளில் நன்றாக உண்டனர். இரண்டையும் செய்தோர் எல்லாரினும் நன்னிலை அடைந்தனர். வயிற்றுக் குழாயையும் விரைவில் விட்டனர். பயன்படுத்தாத தசை பயனற்றுப் போகும் என்பதே இதன் சாரம். நன்முயற்சி என்பது எண்வழிகளுள் ஒன்று. அஃது உள்ளத்துக்கு மட்டுமன்றித் தொண்டைக்கும் உரியதென இதனால் அறிகிறோம்.

பயிற்சிகள் பெருஞ்செலவுடையன அல்ல. முழு வலிமையோடு அழுத்தி விழுங்குதல். குரல்வளை மேலெழும்பும்போது சில கணங்கள் அதனை அங்கேயே நிறுத்துதல். மூச்சை அடக்கி விழுங்கி உடனே இருமி மீண்டும் விழுங்குதல். மோவாயை மார்பை நோக்கித் தாழ்த்தி விழுங்குதல் என்பன அவற்றுட் சில. 1997-இல் ஷேக்கர் என்னும் மருத்துவர் குழுவினர் வெளியிட்ட பயிற்சியொன்றில், மல்லாந்து படுத்துத் தோள் எழாமல் தலையை மட்டும் உயர்த்திக் கால்விரல்களை நோக்கவேண்டும். 1 நிமிடம் நிறுத்தி 1 நிமிடம் இளைப்பாறுவதாக 3 முறையும், பின்னர் நிறுத்தாமல் 30 முறையும். இவ்வாறு நாளுக்கு 3 வேளை, 6 வாரங்கள். இறுகிய தாடையைத் திறக்க நம் நாட்டு மருத்துவமனைகளில் ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிப் பல்லிடையே வைத்து, நாளடைவில் ஒவ்வொன்றாகக் கூட்டச் சொல்வர். ஆயினும் எல்லாப் பயிற்சியும் எல்லார்க்கும் பொருந்தா. ஒருவருக்கு நன்மை செய்வது மற்றொருவருக்குத் தீங்காகலாம். நீரை விழுங்க இயலாதவருக்குக் கெட்டியான கூழ் எளிதாயிருக்க, தொண்டை வலுவிழந்த இன்னொருவருக்கு அக்கூழே அடைத்துக்கொள்ளும். ஆதலின் சோதித்தறிந்து கற்பிக்கும் பயிற்சியாளர் இன்றியமையாதவர். பேச்சும் விழுங்குதலும் கற்ற இவ்வல்லுநரை உருவாக்கும் நிலையங்களுள் 1965-இல் மைசூரில் தோன்றிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் குறிக்கத்தக்கது.

இங்கே வியப்பொன்று காண்கிறோம். பிக்குகளுக்குரிய சேகிய விதிகளுள் 30 விதிகள் உண்ணும் முறையைப் பற்றியன. கவளம் பெரிதாகலாகாது, உருண்டையாக இருத்தல் வேண்டும், வாயில் உணவிருக்கப் பேசலாகாது, கன்னம் புடைக்க அடைக்கலாகாது, கருத்துப் பாத்திரத்தில் இருத்தல் வேண்டும். இன்று பயிற்சியாளர் நோயாளரிடம் கூறும் அறிவுரையும் பெரும்பாலும் இதுவே. உண்ணல், பருகல், மெல்லல், சுவைத்தல் ஆகியவற்றை விழிப்போடு செய்க என்பது சதிபட்டானத்தின் போதனை. நாம் அதனைத் தியானத்திற்குரிய பாடமாகப் படிக்கிறோம். அவரோ ஒவ்வொரு வாய்க்கும் உயிரைப் பணயம் வைத்துப் பயில்கிறார். ஒரு மணி நேரம் கருத்தூன்றி அரைக் கிண்ணம் கூழ் உண்பவரைக் கண்டு நாம் இரங்குவதினும், அவரிடம் கற்றுக்கொள்வதே மேல்.

ஐந்து படிகள்

இனிக் கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருகின்றோம். 1990-இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், இந்நோயாளரின் வாழ்க்கை நிலையை அளக்க ஓர் அளவுகோல் வகுத்தனர். அதில் மூன்று பிரிவுகள். எத்தகைய உணவை உண்கிறார்? பேச்சுப் பிறருக்கு விளங்குகிறதா? இவ்விரண்டோடு மூன்றாவதாக அவர்கள் கேட்டது, பிறர் முன்னிலையில் உண்கிறாரா என்பது. இதற்கு ஐந்து படிகள் வைத்தனர். எவ்விடத்தும் எவரோடும் எதையும் உண்பார்க்கு 100. எவ்விடத்தும் உண்பார், ஆயினும் பிறர் முன் உணவைத் தெரிந்தெடுப்பார் எனில் 75. சில இடங்களில் சிலரோடு மட்டும் எனில் 50. வீட்டில், அதுவும் சிலர் முன்னிலையில் மட்டும் எனில் 25. எப்போதும் தனித்தே உண்பார் எனில் 0.

இவ்வைந்து படிகளைப் படிக்கும் நம்மவர் நெஞ்சம் துணுக்குறாதிருக்குமோ? எவரோடு உண்ணலாம், எவர் முன் உண்ணலாகாது, எவருக்குத் தனிக்குவளை, எவருக்குப் பந்தி முடிந்தபின் பின்கட்டில் இலை என்று வகுத்த ஓர் அளவுகோலின்கீழ் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். 1927 மார்ச் 20-ஆம் நாள் மகாடு நகரில் பாபாசாகேப் அம்பேத்கர் தம் மக்களோடு சென்று சவதார் குளத்து நீரை அள்ளிப் பருகியது, நீர்வேட்கை தணிக்க மட்டுமன்று. எல்லாரும் பருகும் நீரை எல்லாரோடும் பருகுவது மனிதத்தன்மையின் அடையாளம் என்று நிலைநாட்டவே பருகினார்.

அத்தகைய மரபில் வந்த நம் இல்லங்களில் இன்று நடப்பதென்ன? உண்ணும்போது அவர் இருமுகிறார். கடைவாயில் எச்சில் வழிகிறது. சில வேளை உணவு மூக்கின் வழி வருகிறது. குழந்தைகள் முகஞ்சுளிக்கின்றன. விருந்தினர் வரும் நாளில் உங்களுக்கு உள்ளேயே கொண்டுவந்து தருகிறோம் என்று அன்போடுதான் சொல்கிறார்கள். நாளடைவில் தட்டு வேறாகிறது, நேரம் வேறாகிறது, இடம் வேறாகிறது. திருமணத்துக்கு அவர் வருவதில்லை, அழைப்பாரும் இல்லை. ஒருவரும் தீங்கு நினைக்கவில்லை. ஆயினும் ஒருவர் படிப்படியாக 0-க்கு இறங்கிவிட்டார். தீண்டாமை சாத்திரத்தினால் மட்டும் பிறப்பதன்று. அருவருப்பும் அவசரமும் கூடுமிடத்தும் அது பிறக்கும்.

சிகாகோ நகரில் திரைப்படத் திறனாய்வாளராக விளங்கிய ரோஜர் ஈபர்ட், புற்றுநோய்க்குத் தாடையில் அறுவை செய்யப்பட்டு, 2006-க்குப் பின் உண்ணவும் பருகவும் பேசவும் இயலாதவரானார். 2013-இல் மறையும் வரை குழாய் உணவிலேயே வாழ்ந்தார். 2010-இல் அவர் தம் நிலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தாம் பெரிதும் இழந்து ஏங்குவது உணவையன்று, உணவைச் சூழ்ந்த கூட்டத்தையும் உரையாடலையும் சிரிப்பையுமே என்பது அதன் கருத்து. ஒன்றும் உண்ண இயலாதவர்க்கும் பந்தியில் இடம் வேண்டியிருக்கிறது என்பதற்கு இவர் கூற்று சான்று.

பிக்கு ஒருவர் வயிற்றுப்போக்கால் தம் கழிவிலேயே கிடந்தபோது, பகவான் ஆனந்தரோடு சென்று அவரைத் தம் கையால் நீராட்டிப் படுக்கையில் கிடத்தினார். ஏன் எவரும் பேணவில்லை என்று வினவியபோது, இவர் பிறருக்கு ஒன்றும் செய்பவரல்லர், ஆகையால் பேணவில்லை என்று விடை வந்தது. பயன்படாதவருக்குப் பணிவிடை இல்லை என்னும் அக்கணக்கைப் பகவான் அன்றே கிழித்தெறிந்தார். என்னைப் பேண விரும்புவோர் நோயுற்றவரைப் பேணுக என்னும் கருத்துப்பட உரைத்து, நோய் பேணுவோர்க்குரிய பண்புகளையும் வகுத்தார். உமிழ்நீரையும் வாந்தியையும் அகற்ற அருவருப்புக் கொள்ளாமை அவற்றுள் ஒன்று. நோயாளருக்கும் பண்பு வகுத்தார். தம் நோயின் நிலையை மறையாது உரைத்தல் அவற்றுள் ஒன்று. புரையேறுவதை மறைத்து நன்றாக உண்டேன் என்று சொல்பவர் இதனை நினைவிற் கொள்வாராக.

சுந்தன் படைத்த அமுது

பேணுவோரின் துயரமும் எண்ணத்தக்கது. கணவனுக்குக் கூழ் ஊட்டும் மனைவி ஒவ்வொரு வாய்க்கும் அஞ்சுகிறாள். அடைத்துக்கொண்டால் என் கையாலன்றோ என்று நடுங்குகிறாள். ஊட்டினால் ஆபத்து, ஊட்டாவிட்டால் பட்டினி. பாவா நகரில் கருமான் சுந்தன் படைத்த உணவை உண்டபின் பகவானுக்குக் கடுநோய் கண்டது. அந்நிலையிலும் அவர் எண்ணியது சுந்தனைப் பற்றியே. உன் உணவால் அன்றோ என்று எவரும் அவனைப் பழிக்கலாகாது, அவனும் வருந்தலாகாது, போதிக்கு முன் பெற்ற உணவுக்கு ஒப்பான பயன் இதற்கும் உண்டு என்று சொல்லுமாறு ஆனந்தரைப் பணித்தார். கற்றுத் தந்தவாறு, நல்லெண்ணத்தோடு ஊட்டுபவர் எவராயினும், விளைவு எதுவாயினும், அவர் சுந்தனுக்குரிய இவ்வாறுதலைப் பெறத்தக்கவர்.

இதனின்று அரிய கேள்வியொன்று பிறக்கிறது. வாயால் எதுவும் கூடாதென்று மருத்துவர் விலக்கியிருக்க, எனக்கு நாளுக்கு ஒருமுறை இரண்டு கரண்டி காப்பியேனும் வேண்டும், வருவது வரட்டும் என்று நோயாளர் கேட்டால் என் செய்வது? உயிரைக் காப்பதே அறமென்று மறுப்பதா? அவர் விருப்பமே அறமென்று கொடுப்பதா? இரு முனைகளையும் விடுத்து நடுவழி செல்வதே நம் நெறி. முதலில் ஆபத்தை மறையாது அவருக்கு விளக்குக. பின்னர் அதனைக் குறைக்கும் வழிகளைப் பயிற்சியாளரிடம் கேட்டறிக. நிமிர்ந்து அமர்தல், அளவைச் சுருக்கல், பல்லையும் வாயையும் மிகத் தூய்மையாக வைத்தல் என்பன நுரையீரலுக்கு வரும் கேட்டைக் குறைக்கும். அதன்பின் தெளிந்த அறிவோடு அவர் செய்யும் முடிவு அவருடையது. வாழ்நாளை நீட்டுவது மருத்துவரின் கலை. அந்நாட்களில் எது வாழத்தக்கது என்று சொல்லும் உரிமை அவற்றை வாழ்பவருக்கே உண்டு. நோயாளரைக் கேளாமல் அவருக்காக முடிவு செய்வது, எவ்வளவு அன்பினால் விளைந்ததாயினும், அவரை மீண்டும் குழந்தையாக்குவதே.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, காரணத்தை அடைத்தல். நம் சங்கத்துத் திருமணங்களிலும் விழாக்களிலும் புகையிலையும் மதுவும் மட்டுமன்றிப் பாக்கும் ஒழிக. பாக்குத் தனியேயும் புற்றுநோயை விளைப்பது என 2004-இல் உலக ஆராய்ச்சி நிலையம் வகைப்படுத்திவிட்டது. வாயில் இரண்டு வாரத்துக்குமேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ கண்டால் உடனே மருத்துவரைக் காண்க.

இரண்டாவது, சிகிச்சை தொடங்குமுன்னரே விழுங்குதல் பயிற்சியாளரைக் கேட்டுப் பெறுக. உயிரைக் காக்கும் அவசரத்தில் இதனை எவரும் தாமாகச் சொல்லாது விடலாம். கேட்பது நம் உரிமை. சிகிச்சை முடிந்து பல்லாண்டு ஆனவர்க்கும் புதிதாகப் புரையேறினால் மீண்டும் காட்டுக.

மூன்றாவது, துணை. பயிற்சி தனியே செய்யச் சலிப்பூட்டும். உபாசகர் ஒருவர் நாடோறும் சென்று உடனிருந்து எண்ணிக்கை சொன்னாலும் பேருதவி. அறவுரை கேட்பித்து நோயாளரின் மனத்தைத் தேற்றுவதும் பேணுவோரின் பண்புகளுள் ஒன்றென்று விநயம் கூறுகிறது.

நான்காவது, பந்தி. வைசாகப் பூர்ணிமையன்றும், அக்டோபர் 14-ஆம் நாளன்றும் நாம் கூடி உண்கிறோம். அன்று அடுப்பில் ஒரு சிறு பானை வேறாக ஏறட்டும். குழைந்த சோறோ, மசித்த பருப்போ, கட்டியில்லாத கேழ்வரகுக் கூழோ, யாருக்கு எது பொருந்தும் என்று முன்னரே கேட்டறிந்து, காரம் விலக்கிச் சமைக்கப்படட்டும். அவர் இலையும் அதே வரிசையில், அதே பாயில் விரியட்டும். குழாயில் உண்பவரும் வந்து அமரட்டும். இலை வெறுமையாயினும் இடம் வெறுமையாக வேண்டுவதில்லை. அவர் உண்ணும்போது பேச்சுக் கொடுத்து விடை கேளாதீர்கள், வாயை உற்று நோக்காதீர்கள், இருமினால் பதறாதீர்கள்.

உடன் உண்பவர் முடிக்குமுன் இலையை விட்டெழுதல் தமிழர் பந்தியில் மரியாதையன்று. அந்நாளில் நம் பந்தி ஒரு மணி நேரம் நீளும். நீளட்டும். அவர் கடைசிக் கரண்டியை விழுங்கி, நிமிர்ந்து, கை கழுவ எழும்வரை ஒருவரும் எழாதிருப்போமாக.

எல்லா உயிர்களும் நலம் பெறுக.